தேசிய வனத்தில் முகாம் தேர்ந்தெடுத்தல்: முன்பதிவுத் தளம், வனப்பக்கம், ரேஞ்சர் அலுவலகம் பற்றிய ஒரு மதிப்பீடு

அமெரிக்காவில் கூடாரமடித்துத் தங்க விரும்பும் நம் குடும்பங்கள் பெரும்பாலும் யோசெமிட்டி, யெல்லோஸ்டோன் போன்ற தேசியப் பூங்காக்களையே முதலில் தேடுகின்றன. அங்கே இடம் கிடைக்காத பிறகுதான் அருகிலுள்ள தேசிய வனத்தின் பெயர் பேச்சில் வருகிறது. இந்த வரிசையில் எனக்கு உடன்பாடு இல்லை. 154 தேசிய வனங்களும் 20 தேசியப் புல்வெளிகளுமாக ஏறத்தாழ 19.3 கோடி ஏக்கர் நிலம் அமெரிக்க வனத்துறையின் பொறுப்பில் இருக்கிறது. அதில் பூங்காக்களின் புகழ்பெற்ற காட்சிகளுக்கு ஈடான ஏரிகளும் ஓடைகளும் மலைச்சரிவுகளும் உள்ளன. கூட்டமும் பெரும்பாலான இடங்களில் குறைவு. ஆனால் பூங்காவுக்குப் போவதுபோல் எண்ணிக்கொண்டு வனத்துக்குப் போனால் ஏமாற்றம் நிச்சயம். 1905இல் வேளாண்மைத் துறையின் கீழ் உருவான வனத்துறை, மரம், மேய்ச்சல், நீர், வனவிலங்கு, பொழுதுபோக்கு ஆகிய அனைத்துக்கும் நிலத்தைப் பயன்படுத்தும் கடமையைக் கொண்டது. 1960ஆம் ஆண்டுச் சட்டம் அதை எழுத்திலேயே உறுதிசெய்தது. ஆகவே முகாமுக்குப் போகும் மண்சாலையில் மரலாரி எதிரே வரலாம், மேற்கு மாநிலங்களில் மாடுகள் வழிமறிக்கலாம், இலையுதிர்காலத்தில் வேட்டைக்காரர்களின் வண்டிகள் நிற்கலாம். வசதிகளும் அந்த அளவுக்கு எளிமையாகவே இருக்கும்.

இங்கே நான் மதிப்பிடுவது, ஒரு முகாமைத் தேர்ந்தெடுக்க நமக்குக் கிடைக்கும் மூன்று சேவைகளை: கூட்டாட்சி அரசின் முன்பதிவுத் தளம், ஒவ்வொரு வனத்துக்கும் வனத்துறை நடத்தும் இணையப்பக்கம், வனத்தின் வட்டார ரேஞ்சர் அலுவலகம். அவற்றைக் கொண்டு தேர்ந்தெடுக்கத்தக்க சில முகாம்களையும் உடன் பார்க்கலாம். மூன்றில் மிகக் குறைவாகப் பயன்படுத்தப்படுவது ரேஞ்சர் அலுவலகம். மிகச் சிறந்ததும் அதுவே என்பது என் உறுதியான கருத்து.

முன்பதிவுத் தளமான ரெக்ரியேஷன் டாட் கவ், வழக்கமாக ஆறு மாதங்களுக்கு முன்பு ஒவ்வொரு நாளாகத் திறக்கிறது. அதாவது ஜூலை 10ஆம் தேதிக்கான இடம் ஜனவரி 10ஆம் தேதி, பெரும்பாலும் கிழக்கு நேரம் காலை 10 மணிக்குக் கிடைக்கத் தொடங்கும். புகழ்பெற்ற ஏரிக்கரை முகாம்களின் வார இறுதிகள் உடனே நிரம்பிவிடுகின்றன. ஆனால் அத்தளத்தில் காலி இடம் வந்தால் அறிவிக்கும் வசதி இருக்கிறது. பயணத்துக்கு முந்தைய இரண்டு வாரங்களில் ரத்தாகும் இடங்கள் கணிசம் என்பதால், ஜனவரியில் தவறவிட்டவர்கள் மனம் தளர வேண்டியதில்லை. ஒரு முன்பதிவுக்கு 8 டாலர் சேவைக் கட்டணம். அது திரும்பக் கிடைக்காது. தேதியை மாற்றினாலோ ரத்து செய்தாலோ 10 டாலர். வருகைக்கு முந்தைய நாளிலோ வருகை நாளிலோ ரத்து செய்தால் 10 டாலருடன் முதல் இரவுக் கட்டணமும் போய்விடும். சொல்லாமலே வராமலிருந்தால் 20 டாலரும் முதல் இரவுக் கட்டணமும் பிடித்துக்கொள்ளப்படும். வன முகாம்களின் இரவு வாடகையே மிகக் குறைவு என்பதால், ஒரே ஒரு இரவுக்குப் பதிவு செய்பவர்களுக்கு இந்த 8 டாலர் உறுத்தத்தான் செய்யும். மூன்று இரவுகளாகச் சேர்த்துப் பதிவு செய்தால் அது பொருட்டாகத் தெரியாது.

இத்தளத்தின் உண்மையான பலம் ஒவ்வொரு கூடார இடத்துக்கும் தனிப் பக்கம் வைத்திருப்பது. வண்டி நிறுத்தும் தளத்தின் நீளம், வண்டியைப் பின்னோக்கிச் செலுத்தித்தான் நுழைய வேண்டுமா என்ற விவரம், நிழல் உண்டா என்பது, எத்தனை பேர் வரை தங்கலாம், எத்தனை வண்டிகள் நிறுத்தலாம் என்பன அங்கே இருக்கின்றன. ஒரு தனி இடத்துக்குப் பல முகாம்களில் ஆறு அல்லது எட்டுப் பேர்தான் வரம்பு. நண்பர் குடும்பத்தையும் சேர்த்துக்கொண்டு ஒரே இடத்தில் தங்கிவிடலாம் என்று நினைப்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இந்த எண்ணைத்தான். பலவீனம் என்னவென்றால், தேர்வுக்கு மிக அவசியமான செய்திகள் தலைப்பில் இராமல் நீண்ட விளக்கப் பத்திகளுக்குள் மறைந்துகிடக்கின்றன. முகாமின் உயரம், கடைசி சில மைல்கள் மண்சாலையா என்பது, குடிநீர் உண்டா இல்லையா என்பது ஆகியவற்றைக் கடைசிவரை பொறுமையாகப் படித்தால்தான் தெரிந்துகொள்ள முடியும். நட்சத்திர மதிப்பெண்களை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. ஏரி அழகாயிருந்ததற்கு ஐந்து கொடுத்தவரும், பக்கத்து இடத்தில் ஜெனரேட்டர் ஓடியதற்கு ஒன்று கொடுத்தவரும் உங்கள் குடும்பத்துக்கு அந்த இடம் ஏற்றதா என்பதைச் சொல்லவில்லை. விமர்சனங்களில் தேட வேண்டியவை இட எண்ணைக் குறிப்பிட்டு எழுதப்பட்ட வரிகள்: எந்த இடம் சாய்வாக இருக்கிறது, எது கழிப்பறைக் கதவுக்கு நேரெதிரே அமைந்திருக்கிறது, எதில் மழைநீர் தேங்குகிறது என்பன போன்றவை.

முன்பதிவே இல்லாத, முதலில் வருபவருக்கு முதலில் என்ற முறையில் இயங்கும் முகாம்களும் ஏராளம். அவற்றுக்கு வெள்ளிக்கிழமை மாலை போய்ச் சேர்வது வீண்முயற்சி. வியாழக்கிழமை அல்லது வெள்ளி முற்பகல் போனால் நல்ல இடம் அமையும். சில இடங்களில் உறையில் பணம் வைத்து இரும்புப் பெட்டியில் போட வேண்டும் என்பதால் சில்லறையாக டாலர் நோட்டுகள் தேவை; வேறு சில இடங்களில் பலகையிலுள்ள குறியீட்டை ஸ்கேன் செய்து செயலியில் கட்ட வேண்டும். அந்தச் செயலியை வீட்டிலேயே நிறுவி, கணக்கில் நுழைந்து வைத்திருக்க வேண்டும். வனத்துக்குள் போனபின் தரவிறக்கம் செய்ய அலைபேசிச் சமிக்ஞை கிடைக்காது.

இரண்டாவது சேவையான வனப்பக்கம் தோற்றத்தில் கவர்ச்சியற்றது. ஆயினும் அதிலுள்ள எச்சரிக்கைகள் பகுதியைப் படிக்காமல் யாரும் கிளம்பக் கூடாது. 2024 செப்டம்பரில் ஹெலீன் புயல் வட கரோலினாவின் பிஸ்கா வனத்தைத் தாக்கியபோது சாலைகளும் முகாம்களும் பெருமளவில் மூடப்பட்டன. அத்தகைய சேதத்துக்குப் பிறகு முகாமின் எந்த வளையம் (கூடார இடங்களை இணைக்கும் சுற்றுச்சாலைப் பகுதி) திறந்திருக்கிறது, எந்தப் பாலம் இன்னும் சரிசெய்யப்படவில்லை என்பது முதலில் இங்கேதான் வெளியாகும். தீத்தடை உத்தரவுகளும் அப்படியே. மேற்கு வனங்களில் முதல் நிலைத் தடை வந்தால், முகாமில் அமைக்கப்பட்ட நெருப்பு வளையத்துக்குள் மட்டும் விறகு எரிக்கலாம். இரண்டாம் நிலை வந்தால் விறகு நெருப்பே கூடாது. அடைப்பு வால்வு உள்ள எரிவாயு அடுப்பு மட்டும் பொதுவாக அனுமதிக்கப்படும். ஜூலைக்குப் பிறகு மேற்கே போகிறவர்கள் விறகை நம்பிச் சமையல் திட்டம் போடுவது சரியல்ல என்பது என் கருத்து. அடுப்பையும் போதுமான எரிவாயுவையும் எடுத்துச் செல்வதே முறை.

மூன்றாவது, ரேஞ்சர் அலுவலகம். ஒவ்வொரு தேசிய வனமும் பல வட்டாரங்களாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு சிறிய அலுவலகம் இருக்கிறது. அலுவல் நாட்களில் தொலைபேசியில் அழைத்தால் அந்தச் சாலையில் அந்த வாரம் போய்வந்த ஒருவரிடமே பேசும் வாய்ப்பு உண்டு. ஒருமுறை ஜூன் மாத நடுவில் உயரமான ஒரு முகாமுக்குப் போக எண்ணி அழைத்தபோது, முகாமுக்கு மேலேயுள்ள கணவாயில் பனி இன்னும் அகலவில்லை, இரவில் தண்ணீர் உறைகிறது, அடிகுழாயை இன்னும் திறக்கவில்லை என்று சொன்ன அலுவலர், அதே வட்டாரத்தில் 2,000 அடி தாழ்வாக இருந்த வேறொரு முகாமைப் பரிந்துரைத்தார். முன்பதிவு நாட்காட்டியில் இரண்டு முகாம்களும் ஒரே மாதிரிப் பச்சையாகத்தான் தெரிந்தன. பல முகாம்களின் அன்றாட நிர்வாகத்தை, 1950ஆம் ஆண்டின் கிரேஞ்சர்-தை சட்டத்தின்படி அனுமதி பெற்ற தனியார் நடத்துநர்கள் கவனிக்கிறார்கள் என்பதால், சில கேள்விகளுக்கு அலுவலகம் உங்களை அவர்களிடம் திருப்பிவிடும். அதிலும் குறையொன்றுமில்லை, தண்ணீர், விறகு விற்பனை, கழிப்பறைச் சுத்தம் பற்றி நடத்துநருக்கு அதிகம் தெரியும். சாலை, மரம், தீ, கரடி பற்றிக் கேட்க வேண்டியது அலுவலகத்திடம். இச்சேவையின் ஒரே குறை வார இறுதியில் பல அலுவலகங்கள் மூடியிருப்பது; ஆகவே புதன் அல்லது வியாழக்கிழமை அழைத்துவிட வேண்டும்.

இனி, எதைக் கேட்பது, எதைப் பார்ப்பது என்பதற்கு வருகிறேன். முதலில் உயரம். டென்வர் நகரம் 5,280 அடியில் இருக்கிறது. அங்கிருந்து ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் சென்று சேரக்கூடிய, அராபஹோ வனத்தின் எக்கோ லேக் முகாம் சுமார் 10,600 அடியில் அமைந்துள்ளது. ஆயிரம் அடிக்குச் சராசரியாக மூன்றரை பாரன்ஹீட் பாகை குறையும் என்று கணக்கிட்டால், நகரத்தில் இதமான கோடை இரவாக இருக்கும்போது மேலே ஏறத்தாழ 19 பாகை கூடுதல் குளிர். கலிபோர்னியாவின் இன்யோ வனத்தில் சாடில்பேக் ஏரி முகாம் 10,000 அடிக்கு மேல். 8,000 அடிக்கு மேல் இரவு தங்குகிறவர்களில் பலருக்குத் தலைவலியும் குமட்டலும் தூக்கமின்மையும் வரும். கடல்மட்ட ஊரிலிருந்து விமானத்தில் வந்து அன்றிரவே 10,000 அடியில் படுப்பது சிறுவர்களுக்கும் முதியவர்களுக்கும் நல்லதல்ல. முதலிரவு 6,000 அல்லது 7,000 அடியிலுள்ள ஒரு முகாமில் தங்கிவிட்டு மேலே ஏறுவதே நான் சொல்லக்கூடிய ஏற்பாடு. கொலராடோவிலும் அரிசோனாவிலும் ஜூலை, ஆகஸ்ட் பிற்பகல்களில் இடிமழை வழக்கம் என்பதால், உயரத்திலுள்ள முகாமுக்கு நண்பகலுக்கு முன்பே சேர்ந்து கூடாரத்தை அடித்துவிட வேண்டும்.

பருவத்தைப் பொறுத்தவரை, நியூ ஹாம்ப்ஷயரின் ஒயிட் மௌன்டன் வனத்தில் மே நடுவிலிருந்து ஜூன் வரை கருப்பு ஈக்கள் காதோரத்தையும் கழுத்தையும் விடாமல் கடிக்கும். அதே வனத்தில் இலை நிறம் மாறும் காலம் அழகானது. கூட்டமும் அப்போதுதான் அதிகம். ஒரிகனிலும் வாஷிங்டனிலும் மலை ஏரிக்கரைகளில் பனி உருகியதைத் தொடர்ந்து சில வாரங்கள் கொசு பொறுக்க முடியாத அளவில் இருக்கும். ஆகஸ்ட் பிற்பகுதி அவற்றுக்குச் சிறந்த காலம். புளோரிடாவின் ஒகாலா வனத்துக்கோ குளிர்காலமே ஏற்றது. அங்குள்ள ஊற்றுகளில் ஆண்டு முழுவதும் தண்ணீர் ஏறத்தாழ 72 பாரன்ஹீட் பாகையில் இருப்பதால் ஜனவரியிலும் நீந்துகிறார்கள்.

கழிப்பறையும் தண்ணீரும் பற்றி வெளிப்படையாகப் பேசத் தயங்குகிறவர்கள் பயணத்தின் நடுவில்தான் அதற்காக வருந்துகிறார்கள். வன முகாம்களில் பெரும்பாலானவை குழிக் கழிப்பறைகளே. தண்ணீர் ஊற்றும் வகையும் குளியலறையும் சில பெரிய முகாம்களில்தான் உண்டு. ஆனால் இன்றைய குழிக் கழிப்பறையை நினைத்து அஞ்சத் தேவையில்லை. நிலத்தடித் தொட்டியிலிருந்து கூரைக்கு மேல் உயரும் கருநிறக் குழாய் வெயிலில் சூடாகும்போது அதற்குள் காற்று மேலெழுகிறது. அதனால் அறையின் காற்று இருக்கையின் வழியே கீழே இழுக்கப்பட்டுக் குழாய் வழியாக வெளியேறுகிறது. கதவைத் திறந்துபோட்டால் இந்த ஓட்டம் கெடும். குப்பையை அந்த நிலத்தடித் தொட்டிக்குள் போட்டால் அதைச் சுத்தம் செய்பவர் கையால் எடுக்க வேண்டியிருக்கும். குடிநீர் முகாமில் உண்டு என்று எழுதியிருந்தாலும் அது அடிகுழாயா குழாய்த் தண்ணீரா, பருவத்தின் தொடக்கத்திலும் முடிவிலும் நிறுத்தப்படுமா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். நபர் ஒருவருக்கு நாளொன்றுக்கு நான்கு லிட்டராவது குடிக்கவும் சமைக்கவும் வண்டியிலேயே இருப்பது நல்லது.

ஆற்றங்கரை இடங்களைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுத விரும்புகிறேன், ஏனெனில் முன்பதிவில் எல்லோரும் முதலில் தேடுவது தண்ணீரை ஒட்டிய இடத்தைத்தான். ஆர்கன்சாவின் வாஷிட்டா வனத்தில் ஆல்பர்ட் பைக் என்ற முகாம் லிட்டில் மிசௌரி ஆற்றின் பள்ளத்தாக்கில் இருந்தது. 2010 ஜூன் 11ஆம் தேதி விடியலுக்கு முன், மேற்பகுதியில் கொட்டிய மழையால் ஆறு சில மணி நேரத்துக்குள் இருபது அடியளவுக்கு உயர்ந்தது. உறங்கிக்கொண்டிருந்தவர்களில் 20 பேர் இறந்தனர். இது ஏதோ அபூர்வ நிகழ்வு என்று ஒதுக்கிவிடக் கூடாது. குறுகிய மலைப் பள்ளத்தாக்கில் அலைபேசி எச்சரிக்கை வந்து சேராது. உங்கள் தலைக்கு மேலே வானம் தெளிவாக இருக்கும்போதே பத்து மைலுக்கு அப்பால் பெய்த மழை வந்துவிடும். ஆகவே ஓடைச் சத்தம் கேட்கும் தூரத்திலும், ஓடையைவிடப் பல அடி மேட்டிலும் உள்ள இடமே எனக்கு உகந்தது. வரைபடத்தில் இரண்டு வளையங்கள் இருந்தால், மேல் வளையத்தைத் தேர்ந்தெடுங்கள். ஓடையையொட்டிய மணல் திட்டு எவ்வளவு சமதளமாக இருந்தாலும் அது வெள்ளம் சமன்செய்த தரை என்பதை மறக்க வேண்டாம். இடிமழை முன்னறிவிப்பு இருக்கும் இரவில் அந்த இடத்தைப் பணத்தோடு விட்டுவிட்டு வேறிடம் போவதில் தயக்கம் கூடாது.

நெருப்புக் காலத்தில் பார்க்க வேண்டியது வெளியேறும் வழி. 2020 செப்டம்பர் 5ஆம் தேதி, தொழிலாளர் தின வார இறுதியில், கலிபோர்னியாவின் சியரா வனத்தில் க்ரீக் தீ வேகமாகப் பரவி மேமத் பூல் நீர்த்தேக்கத்திலிருந்த முகாம்வாசிகளின் சாலையை அடைத்துவிட்டது. தேசியக் காவல்படை ஹெலிகாப்டர்கள் இருநூறுக்கும் மேற்பட்டோரை அங்கிருந்து மீட்டன. ஒரே ஒரு சாலை மட்டுமே உள்ள, அதுவும் காட்டின் நடுவில் நீண்டு செல்லும் முகாமை ஆகஸ்ட், செப்டம்பரில் தேர்ந்தெடுப்பதற்கு முன் இருமுறை யோசிப்பது நியாயம். வண்டியின் முகத்தைச் சாலையை நோக்கித் திருப்பி நிறுத்துவதும் எரிபொருளை நிரப்பிக்கொண்டு நுழைவதும் செலவில்லாத முன்னேற்பாடுகள்.

கரடிகள் பற்றிய விதி வனத்துக்கு வனம் மாறுகிறது. கருங்கரடி வாழும் பல மேற்கத்திய முகாம்களில் ஒவ்வொரு இடத்திலும் இரும்புப் பெட்டி இருக்கும். உணவு மட்டுமல்லாமல் பற்பசை, சோப்பு, மசாலாப் பொடிகள், எண்ணெய்ப் புட்டி, குழந்தையின் பால்புட்டி என மணமுள்ள அனைத்தையும் அதற்குள் வைத்துப் பூட்ட வேண்டும். குளிர்பெட்டி அதற்குள் அடங்குமா என்று முன்கூட்டியே அளந்துகொள்ளுங்கள். பெரும் பழுப்புக் கரடிகளின் நாட்டில் நிலைமை வேறு. மொன்டானாவில் யெல்லோஸ்டோனின் வடகிழக்கு வாயிலுக்கு அருகிலுள்ள சோடா பியூட் முகாமில், 2010 ஜூலையில் ஒரு தாய்க் கரடி இரவில் கூடாரங்களைத் தாக்கி ஒருவரைக் கொன்றது. பிற்காலத்தில் அங்கே துணிக் கூடாரங்களுக்கு அனுமதி இல்லாமற்போய், கடினச் சுவருள்ள வண்டிகளுக்கு மட்டும் என்றானது. இந்த வரியைக் கவனியாமல் கூடாரத்துடன் போய் நிற்கும் குடும்பத்துக்கு அன்றிரவு தங்க இடமிருக்காது. யெல்லோஸ்டோனைச் சுற்றியுள்ள வனங்களில் முகாம் தேடுவோர் எல்லாருமே இந்தக் கட்டுப்பாடு இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும்.

குறிப்பிட்ட முகாம்களில், முதன்முறையாகக் கூடாரத்தில் தங்கும் குடும்பத்துக்கு நான் முதலில் சொல்வது வட கரோலினாவில் பிரெவார்ட் ஊருக்கு அருகிலுள்ள பிஸ்கா வனத்தின் டேவிட்சன் ரிவர் முகாம். தண்ணீர் ஊற்றும் கழிப்பறை, வெந்நீர்க் குளியல், தார்ச்சாலை, அருகிலேயே ஊர்; லுக்கிங் கிளாஸ் அருவியும் இயற்கைப் பாறைச் சறுக்கான ஸ்லைடிங் ராக்கும் அதே நெடுஞ்சாலை 276இல் இருக்கின்றன. 1898இல் தொடங்கிய, நாட்டின் முதல் வனவியல் பள்ளி இயங்கிய நிலமும் அங்கிருந்து சற்று மேலேதான். தனிமை தேடுபவர்களுக்கு இது ஏற்றதல்ல. கோடையில் முகாம் நிரம்பி வழியும். ஆனால் முதல் இரவில் குழந்தைகளுக்குத் தேவை தனிமையைவிட வெளிச்சமுள்ள குளியலறை என்பேன்.

நியூ ஹாம்ப்ஷயரின் காங்கமேகஸ் நெடுஞ்சாலை ஏறத்தாழ 35 மைல் நீளத்தில் லிங்கன், கான்வே ஊர்களை இணைக்கிறது. அதன் வழிநெடுக ஆறு வன முகாம்கள் இருப்பதால் ஒன்றில் இடமில்லையென்றால் அடுத்ததை முயலலாம் என்பது பெரிய ஆறுதல். இடையில் எரிபொருள் நிலையம் கிடையாது. அவற்றில் கவர்டு பிரிட்ஜ் முகாம், 1858ஆம் ஆண்டின் ஆல்பனி கூரைப் பாலத்தை ஒட்டியது. உயரமான வண்டிகள் அந்தப் பாலத்தின் வழியே வர முடியாது என்பதால் ஆர்.வி. எனப்படும் தங்கும் வசதியுள்ள வண்டி வைத்திருப்பவர்கள் மாற்று வழியைக் கேட்டுக்கொள்ள வேண்டும். வெளிமாநில விறகைப் பதப்படுத்தாமல் நியூ ஹாம்ப்ஷயருக்குள் கொண்டுவருவது சட்டவிரோதம். 2002இல் மிச்சிகனில் முதலில் கண்டறியப்பட்ட, ஆஷ் மரங்களை அழிக்கும் பச்சை வண்டு விறகுக் கட்டுகளில் ஒளிந்துதான் மாநிலம் மாநிலமாகப் பரவியது. எந்த மாநிலமானாலும் எரிக்கும் இடத்துக்கு அருகிலேயே விறகு வாங்குவதை நான் வலியுறுத்துவேன்.

ஒரிகனின் மௌன்ட் ஹூட் வனத்திலுள்ள டிரிலியம் ஏரி முகாம் காட்சிக்காகவே பலமுறை படமெடுக்கப்பட்ட இடம். சுமார் 3,600 அடியிலுள்ள அமைதியான ஏரியில் மலை முழுதாகத் தெரியும், மோட்டார் படகுக்கு அனுமதி இல்லை. பகல்நேர வருகையாளர் கூட்டம் மிகுதி. ஆனால் அவர்கள் மாலையில் திரும்பிவிடுவார்கள். அதிகாலையில் ஏரி முகாம்வாசிகளுக்கே சொந்தம். ஆகவே இங்கே வார நாட்களில் இரண்டு இரவுகள் தங்குவது, ஒரு சனிக்கிழமை இரவைப் பிடிக்கப் போராடுவதைவிட எவ்வளவோ மேல்.

முகாம் முடிவானபின் இடத்தைத் தேர்ந்தெடுப்பதில்தான் பலர் அவசரப்படுகிறார்கள். கழிப்பறையிலிருந்து மூன்று நான்கு இடங்கள் தள்ளி இருப்பது நல்லது. அதைவிட அருகில் இருந்தால் இரவெல்லாம் கைவிளக்கு வெளிச்சமும் கதவுச் சத்தமும், அதைவிடத் தொலைவில் இருந்தால் சிறு பிள்ளைகளை நள்ளிரவில் அழைத்துப்போகும் சிரமம். வளையத்தின் வெளிப்புற இடங்களுக்குப் பின்னால் காடு இருக்கும். உட்புற இடங்களுக்குப் பின்னால் அடுத்த குடும்பத்தின் மேசை இருக்கும். முகாமின் நுழைவாயில் அருகே எல்லா வண்டிகளின் முகவிளக்கும் விழும். ஜெனரேட்டர் அனுமதிக்கப்பட்ட வளையத்தையும் கூடாரங்களுக்கு மட்டுமான வளையத்தையும் பிரித்திருக்கும் முகாம்கள் கிடைத்தால் அவற்றுக்கே முன்னுரிமை தாருங்கள். இரவு 10 முதல் காலை 6 வரை அமைதி நேரம் என்ற விதி பொதுவாக எங்கும் உண்டு. நம் குழுக்கள் பெரிதாகக் கூடிப் பேசுபவை என்பதால் ஒற்றை இடங்களை அடுத்தடுத்துப் பிடிப்பதைவிடத் தனியே ஒதுங்கிய குழு இடத்தை எடுப்பது அக்கம்பக்கத்தாருக்கும் நமக்கும் நிம்மதி. போய்ச் சேர்ந்ததும் கூடாரத்தை விரிப்பதற்கு முன் அண்ணாந்து பாருங்கள். பட்ட மரமோ முறிந்து தொங்கும் கிளையோ தலைக்கு மேல் இருந்தால் அங்கே அடிக்காதீர்கள். முகாம் பொறுப்பாளரிடம் சொன்னால் பெரும்பாலும் வேறிடம் தருவார்கள். பல முகாம்களில் அந்தப் பொறுப்பாளர்கள் கோடை முழுவதும் அங்கேயே தங்கியிருக்கும் தன்னார்வலர்கள், பெரும்பாலும் ஓய்வுபெற்ற தம்பதியர். அவர்களோடு ஐந்து நிமிடம் பேசினால் எந்த நடைபாதையில் நிழல் உண்டு, கரடி கடைசியாக எப்போது வந்தது என்பதெல்லாம் தெரிந்துவிடும்.

முகாமே இல்லாத இடத்தில் தங்கும் முறை தேசிய வனங்களின் தனிச்சிறப்பு. பல வனங்களில் முறையான முகாமுக்கு வெளியே, கட்டணமின்றி, பொதுவாக 14 நாட்கள் வரை தங்கலாம்; எந்தச் சாலையில் வண்டி போகலாம், எவ்வளவு தூரம் விலகி நிறுத்தலாம் என்பதை வனத்துறை இலவசமாக வெளியிடும் வாகன வரைபடம் சொல்லும். மேசை இல்லை, தண்ணீர் இல்லை, கழிப்பறை இல்லை. நீர்நிலையிலிருந்து 200 அடி தள்ளி ஆறு முதல் எட்டு அங்குலம் ஆழத்தில் குழிதோண்ட வேண்டும். கலிபோர்னியாவில் இத்தகைய இடத்தில் எரிவாயு அடுப்பு பற்றவைக்கக்கூட இலவச நெருப்பு அனுமதிச் சீட்டு வேண்டும். முறையான முகாம்களில் சில பருவங்கள் பழகிய, உயரமான வண்டியும் உதிரி டயரும் வைத்திருக்கும் குடும்பங்களுக்கு இதை மனமாரப் பரிந்துரைப்பேன். கைக்குழந்தையோடு முதல் பயணம் போகிறவர்களுக்கு வேண்டாம்.

பெற்றோரை அழைத்துச் செல்பவர்களுக்கு ஒரு செய்தி. 62 வயது நிறைந்த அமெரிக்கக் குடிமக்களும் கிரீன் கார்டு வைத்திருக்கும் நிரந்தரக் குடியிருப்பாளர்களும் 80 டாலருக்கு வாழ்நாள் மூத்தோர் அனுமதி அட்டை பெறலாம்; ஓராண்டு அட்டை 20 டாலர். பல வன முகாம்களில் அந்த அட்டை இரவுக் கட்டணத்தைப் பாதியாக்குகிறது. முன்பதிவு செய்யும்போதே அட்டை எண்ணைப் பதிய வேண்டும், அட்டைக்கு உரியவர் கட்டாயம் உடன் தங்க வேண்டும், முகாமில் அடையாளச் சான்றும் கேட்கப்படலாம். தனியார் நடத்தும் முகாம்களில் இந்தச் சலுகை எந்தெந்த வகை இடங்களுக்குப் பொருந்தும் என்பதையும் ரேஞ்சர் அலுவலகத்தை அழைக்கும் அதே நாளில் நடத்துநரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.